மருத்துவச்சி சந்தனமாரியின் வாய்

சந்தனமாரி வாயைத் திறந்தால் குற்றாலத்துப் பேரருவி விழுவதை நிறுத்திவிட்டுப் பாறை விளிம்பில் கைகட்டி நின்று கேட்கும். மலைக் குரங்குகள் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்காரும். செங்கோட்டை போகிற ரயில், அம்மாள் பேசி முடிக்கட்டும் என்று, தென்காசி ஸ்டேஷனில் ஆவியை மூக்குக்குள்ளேயே அடக்கிக்கொண்டு நிற்கும். 'சற்று மெதுவாகப் பேசச் சொல்லவும், இங்கே காகிதங்கள் பறக்கின்றன' என்று வைஸ்ராய் டில்லியிலிருந்து தந்தி அடித்ததாகவும் கேள்வி.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. குரங்குகள் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அருவியும் ரயிலும் அவள் பேச்சைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னது. வைஸ்ராய் மட்டும் இங்கே புதிதாகச் சேர்ந்தவர்.

ஆனால் அந்த வாய் பிறந்தபோதே அப்படி இல்லை. பத்து வயதில் ஒரு மேஜையின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அப்போது அது அமாவாசை அன்று அடைத்த கடை மாதிரி இருந்தது.

அது 1922. அச்சன்புதூரில் நெல் விளைவிக்கிற குடும்பம். படிக்கட்டும் என்று தென்காசியில் சித்தி வீட்டில் விட்டு, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரம்மா பார்வையிட வருகிறாள், ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் வரவேற்புப் பேச்சுப் பேச வேண்டும் என்றதும் ஞானபாக்கியம் டீச்சர் யோசிக்காமல் சந்தனமாரியைப் பிடித்தாள். காரணம், முதல் நாள் தெருவில் ஒரு கிடாவை இவள் விரட்டிய சத்தம் பிரார்த்தனை நேரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருந்தது. களத்தில் மாடு விரட்டிப் பழகிய தொண்டை.

பேச்சை டீச்சரே எழுதிக் கொடுத்தாள். 'அறிவின் களஞ்சியமே, அன்பின் திருவுருவமே, தங்கள் பொற்பாதம் பட்டதால் இப்பள்ளி புனிதமடைந்தது' என்று தொடங்கும். ஒரு வாரத்தில் சந்தனமாரி அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சிக்கல் என்னவென்றால், முழித்துக்கொண்டு, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லவேண்டியிருந்தது.

அவள் வளர்ந்த வீட்டில் ஒருவரை நேருக்கு நேராகப் புகழ்வது என்ற பழக்கமே கிடையாது. பசு குடம் நிறையக் கறந்தால் அம்மா, "என்னமோ கறக்குது" என்பாள். களம் கொள்ளாமல் நெல் குவிந்தால் அப்பா, "கெடக்கு கொஞ்சம் பதரு" என்பார். நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் அது காதில் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். அப்படி வளர்ந்தவளை மேஜைமேல் நிறுத்தி, முன்பின் தெரியாத ஒரு துரைசானியைப் பார்த்து 'அன்பின் திருவுருவமே' என்று சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வாள்?

"அறிவின்" என்றாள். அத்தோடு நின்றது. பொற்பாதத்தைப் பார்த்தாள், பூட்ஸ் தெரிந்தது. பள்ளிக்கூடம் முழுக்கக் காத்திருந்தது. அப்போது முன்வரிசையில் ஒரு பெண், இன்ஸ்பெக்டரம்மாவுக்கென்று தட்டில் வைத்திருந்த மாலையிலிருந்து ரோஜா இதழைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருப்பதைச் சந்தனமாரி பார்த்தாள்.

"ஏட்டி வெக்கங்கெட்டவளே. அது தொரைசானிக்கு வாங்குனதுட்டி. உங்கூட்டுல சோறு போடலையா? இன்னொரு தரம் கை வச்சே, கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன், பாத்துக்கோ."

குரல் கணீரென்று கிளம்பி, ஓடு தாண்டித் தெருவுக்குப் போனது. வலது கையும் தானாக உயர்ந்திருந்தது. இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரிந்த தமிழ் இந்தத் தமிழ் இல்லை. அவள் எழுந்து நின்று கைதட்டினாள். 'ஐந்தாம் வகுப்பு மாணவி மிகுந்த உணர்ச்சியுடனும் பொருத்தமான கையசைவுடனும் வரவேற்றாள்' என்று புத்தகத்தில் எழுதி, ஒரு பென்சில் பெட்டியும் கொடுத்துவிட்டுப் போனாள். ஞானபாக்கியம் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று யாருக்கும் விளங்கவில்லை.

சந்தனமாரி பென்சில் பெட்டியோடு வீட்டுக்கு நடக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். பேசச் சொன்னதைப் பேச முடியவில்லை. பேசக்கூடாததைப் பேசினால் பரிசு கொடுக்கிறார்கள். இந்த மேடைச் சகவாசமே நமக்கு வேண்டாம்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்த முடிவு நிலைத்தது. பதினைந்து வயதில் கல்யாணம். பதினாறில் கணவன் சுடலையாண்டி கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். போனவன் ஒரே ஒரு கடிதம் போட்டான்: 'இங்கே மழை.' இவளும் பதில் போட்டாள்: 'இங்கேயும் மழை.' அத்தோடு கடிதப் போக்குவரத்து நின்றது. நான்கு வருஷம் அண்ணன்மார் வயலில் நாற்று நட்டாள். மதினிமார் சோறு போட்டார்கள். சோற்றோடு முகத்தையும் சேர்த்துத்தான் போட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்கள் மருத்துவச்சிப் பயிற்சிக்கு வரலாம் என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் சொல்லாமல் பாளையங்கோட்டைக்கு வண்டி ஏறிவிட்டாள். ஒரு வருஷம் கழித்துச் சர்ட்டிபிகேட்டோடு வந்து, தென்காசியில் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் தற்காலிக மருத்துவச்சியாகச் சேர்ந்தாள்.

பிரசவ அறையில் அவளுக்குப் பேச்சுக்குக் குறைவில்லை. அங்கே கேட்கிறவள் ஒருத்திதான். அவளும் கத்திக்கொண்டிருப்பாள். "ஏட்டி, மூச்சை வீணாக்காத, என்னை அப்புறமா வையி" என்று இவள் போடுகிற அதட்டலில் பாதி வலி பயந்து போய்விடும் என்று சொல்வார்கள்.

1933-ல், சாரல் தொடங்கியிருந்த ஆனி மாதத்தில், திருநெல்வேலியிலிருந்து டாக்டரம்மா வந்தாள். சென்னைப் பட்டணத்துக்காரி, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், எதையும் ஒருமுறைதான் சொல்கிற பழக்கம். குழந்தை வாரம் கொண்டாட வேண்டும் என்றாள்.

"சனிக்கிழமை பந்தல் போடுறோம். நாற்பது குழந்தையாவது எடை போடணும். நீங்க தாய்மார்களுக்குப் பத்து நிமிஷம் பேசணும். ரெண்டும் நடந்தா உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறேன்."

"நடக்கலைன்னா, அம்மா?"

"மேடையில பேசத் தெரிஞ்ச மருத்துவச்சி வேணும்னு எழுதுவேன்."

சந்தனமாரிக்கு அச்சன்புதூர் வயலும், வரப்பில் நிற்கிற இரண்டு மதினிமாரும் கண்முன் வந்தார்கள். "பேசிருதேன், அம்மா" என்றாள்.

பேச்சு எழுத ஆஸ்பத்திரியிலேயே ஒரு புலவர் இருந்தார். அய்யாத்துரை கம்பவுண்டர். மிக்ஸ்சர் மருந்து கலக்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் செந்தமிழ் கலக்குகிறவர். ஒரே மத்தியானத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார்.

"கேளு தாயி. 'பாரத மாதாவின் கர்ப்பப் பூங்காவில் பூத்த பரிமளச் செண்டுகளே, சந்திர பிம்ப வதனங்களே, உம்மை ஈன்ற உத்தமிகளே.' எப்படி?"

"அண்ணாச்சி, சீதபேதிக்கு என்ன செய்யணும்னு எங்கன வருது?"

"நாலாம் பக்கம் கடைசியில. எடம் இருந்தா."

"அதுவரைக்கும் பூரா பிள்ளைகளைப் புகழ்ந்துக்கிட்டே இருக்கணுமா?"

"புகழாம ஒரு பேச்சா? நீ வாயைத் திற, மத்ததைத் தமிழ் பாத்துக்கிடும். 'பாரத மாதா'ங்கும்போது வலது கை மேல போகணும். 'உத்தமிகளே'ங்கும்போது இடது கை நெஞ்சுக்கு வரணும். மாத்திக்கிடாத."

அன்று சாயங்காலம் தன் அறைச் சுவரைப் பார்த்துப் பேசிப் பார்த்தாள். சுவரைக்கூட அவளால் 'சந்திர பிம்ப வதனமே' என்று சொல்ல முடியவில்லை. அப்போதுதான் அருவி நினைவுக்கு வந்தது. அருவிக்குள் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது, தனக்கும் கேட்காது. வெட்கம் போக அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

மறுநாளிலிருந்து விடிந்ததும் குற்றாலத்துக்கு மூன்று மைல் நடந்தாள். சிற்றருவியில் பெண்களோடு பெண்ணாக நின்று கண்ணை மூடிக்கொண்டு, "பாரத மாதாவின்" என்று தொடங்குவாள். வாய்க்குள் ஒரு உழக்குத் தண்ணீர் போகும். துப்பிவிட்டு, "கர்ப்பப் பூங்காவில்" என்பாள். வலது கை மேலே போகும். இடது கை நெஞ்சுக்கு வரும். பாறைமேல் இரண்டு குரங்குகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

மூன்றாம் நாள், இலத்தூரிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்த வள்ளித்தாயும் பார்த்தாள். ஒருத்தி, ஈரத்தலை விரிந்து கிடக்க, கண்ணை மூடி, உதடு துடிக்க, கையை மேலும் கீழும் வீசிக்கொண்டு நிற்கிறாள். வள்ளித்தாய்க்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"ஏட்டி, எல்லாரும் இங்கன வாங்க. இந்தம்மாவுக்குச் சாமி வந்திருக்கு."

சந்தனமாரி கண்ணைத் திறந்தபோது எதிரே பதினோரு பெண்கள் ஈரச் சேலையோடு கைகூப்பி நின்றார்கள். வள்ளித்தாய் அவள் கையைப் பிடித்து அருவிக்கு வெளியே கொண்டுவந்து, காலடியில் உட்கார்ந்தாள்.

"தாயி, எம் மருமவளுக்கு எட்டாம் மாசம். ரெண்டு காலும் பூசணிக்காயா வீங்கிக் கெடக்கு. எந்தச் சாமிக்கு என்ன குத்தம் வச்சேன்னு நீதான் சொல்லணும்."

எனக்குச் சாமியும் வரவில்லை பூதமும் வரவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கால் வீக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே இருந்த மருத்துவச்சி முந்திக்கொண்டாள்.

"குத்தமாவது கொப்பரையாவது. எட்டு மாசத்துக்காரி கால் வீங்கிக் கெடக்கு, நீ அருவியில ஆடிக்கிட்டு இருக்கியா? இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. வராம இருந்தே, வீடு தேடி வந்து உன்னக் கேப்பேன்."

"பாத்தியா, சாமி என்ன அதட்டு அதட்டுது" என்று பின்னால் ஒருத்தி சிலிர்த்துக்கொண்டாள். அடுத்தவள் முன்னால் வந்தாள். பதினோரு பேருக்கும் பதில் சொல்லி முடித்து, "வார சனிக்கிழமை எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிப் பந்தலுக்கு வந்து சேரணும்" என்று முடித்தாள். "உத்தரவு தாயி" என்றார்கள். யாரோ கையில் ஒரு மூடித் தேங்காயும் வைத்தார்கள்.

திரும்பி நடக்கும்போது, பதினோரு பேருக்கு முன்னால் பேசிவிட்டோமே என்று ஒரு கணம் சந்தோஷம் வந்தது. பிறகு அது போய்விட்டது. பேசியது அவள் இல்லை, சாமி. சாமிக்கு வேலை நிரந்தரமாக வேண்டியதில்லை. அதனால் தைரியமாகப் பேசுகிறது.

சனிக்கிழமை பந்தலில் ஐம்பத்து மூன்று தாய்மார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அருவியின் உத்தரவு இலத்தூர் வரைக்கும் அச்சன்புதூர் வரைக்கும் பரவியிருந்தது. மேஜைமேல் குழந்தையைக் கிடத்துகிற தட்டு வைத்த புதுத் தராசு. பக்கத்தில் முதல் பரிசு, வெள்ளி முலாம் பூசிய கிண்ணம். டாக்டரம்மா தலைகளை எண்ணிப் பார்த்துச் சந்தனமாரியைப் பார்த்து முதல் தடவையாகத் தலையசைத்தாள். பேச்சு ஒன்றுதான் பாக்கி.

ஆனால் அதற்கு முன்னால் போர்டு மெம்பர் சுந்தரபாண்டியன் பேசினார். தங்கமான மனிதர். குழந்தைகள் என்றால் உயிர். அதுதான் வினையாகப் போனது.

"அடடா, என்ன நிறம், என்ன களை" என்று மேடையிலிருந்து விரலை நீட்டினார். "இதோ, இந்தக் குழந்தையின் தொடையைப் பாருங்கள். குற்றாலத்துப் பலாச்சுளை. அதோ, அந்தக் கடைசியில் இருப்பது தங்கக் கட்டி. பத்தொன்பது ராத்தலுக்கு ஒரு அவுன்ஸ் குறையாது. எனக்கு அப்படியே கடித்துத் தின்னவேண்டும் போல இருக்கிறது."

பிள்ளை தங்க வேண்டுமே என்று குப்பாண்டி, பிச்சை என்று பேர் வைக்கிற ஊர் அது. புதுச் சட்டை போட்டால் கூடவே கன்னத்தில் ஒரு கரிப்பொட்டும் வைக்கிற ஊர். பிள்ளை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஏதோ நோஞ்சானாக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிற ஊர். அந்த ஊரில் நூறு பேர் முன்னால் பிள்ளையின் தொடையைப் புகழ்வதற்குப் பதில், பிள்ளையைத் தூக்கிக் கிணற்றில் போடட்டுமா என்று கேட்டிருக்கலாம். மரியாதையாக இருந்திருக்கும்.

பலாச்சுளையின் தாய் முந்தானையால் பிள்ளையை மூடினாள். தங்கக் கட்டியின் தாய் மூன்று தடவை துப்பினாள். மெம்பரின் விரல் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் சேலைகள் மடமடவென்று போர்த்திக்கொண்டன. பிறகு ஒருத்தி எழுந்தாள். பிறகு ஐந்து பேர். வாசலில் நெரிசலாயிற்று.

"பசி நேரம் போலிருக்கிறது" என்று மெம்பர் பெருந்தன்மையாகப் பேச்சை முடித்தார்.

"சந்தனமாரி, போறாங்க பாருங்க. பேசுங்க" என்றாள் டாக்டரம்மா. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு.

சந்தனமாரி மேடைமேல் நின்றாள். கையில் கம்பவுண்டரின் நாலு பக்கம். "பாரத மாதாவின்" என்றாள். வலது கை மேலே போனது. வாய் அங்கேயே நின்றது. பத்து வயதில் நின்ற அதே இடத்தில். பயத்தில் உள்ளங்கை வியர்த்து, வியர்வையில் மை கரைந்து, சந்திர பிம்பமும் பரிமளச் செண்டும் ஒன்றாகக் கலந்து ஓடின. இனி வாசிக்கவும் ஒன்றுமில்லை. வாசலில் இரண்டு பேர், "இவளும் புகழப்போறா போலுக்கே" என்று இன்னும் வேகமாக நகர்ந்தார்கள்.

அவள் மேடையைவிட்டுக் குதித்து வாசலுக்கு ஓடினாள். அச்சன்புதூர்க்காரி பார்வதியம்மாள் ஆறு மாதப் பிள்ளையோடு பந்தல் காலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். போகவிடாமல் நிறுத்துவதற்காகச் சந்தனமாரி அந்தப் பிள்ளையை இடுப்பிலிருந்து வாங்கித் தூக்கினாள். பிள்ளை அழவில்லை, தேவலோகத்துப் பிள்ளைபோல, முத்துப்போலச் சிரித்துக்கொண்டு சமர்த்தாக இருந்தது. அதன் முகத்தைப் பார்த்த கணத்தில் தாய்மார்களின் மனம் அவளுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்துவிட்டது. வாய் திறந்தது.

"இது என்ன பிள்ளையாட்டி? சுட்ட கத்திரிக்காயைத் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்திருக்கே."

பந்தல் அப்படியே நின்றது. பார்வதியம்மாளின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக உயிர் வந்தது.

"கத்திரிக்காய் மட்டுமா, நர்ஸம்மா? ராத்திரி பூரா நரி மாதிரி ஊளை வேற" என்றாள் பெருமையாக.

"ஊளையிடாம என்ன செய்யும்? மூக்கைப் பாரு, ஓட்டைத் தோண்டி மாதிரி ஒழுகுது. தொட்டிலை எங்கன கட்டிருக்கே? அடுப்படியில. பொகைக்குள்ள போட்டா மூக்கு ஒழுகாம முத்தா உதிரும்? காத்து வார எடத்துல கட்டு. ஏட்டி, அங்கன யாரு, நீ எங்க போறே? உம் இடுப்புல என்ன தவளையா? கண்ணெல்லாம் பீளை. யாரு மை வச்சது? கன்னத்துல வைட்டி, நெத்தியில வை, எம்புட்டு வேணும்னாலும் அப்பு. கண்ணுக்குள்ள வெரலை விடாத."

வாசலில் இருந்தவர்கள் உள்ளே திரும்பினார்கள். வள்ளித்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. இவள் மூத்த பேரனைத் தூக்கி வந்திருந்தாள்.

"ஏட்டி, அருவியில அதட்டுன சாமி இதுதாம்டி. எம் பேரனையும் பாருங்க, நர்ஸம்மா. அட்டக்கரி."

"தலையா இது, தேங்காய் மட்டையா? சொறி புடிச்சுக் கெடக்கு. எத்தனை நாளாச்சு தண்ணி ஊத்தி?"

"எங்கூட்டுக் கழுதையை விட்டுட்டீகளே" என்று பின்னாலிருந்து ஒருத்தி பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். "இதைவிட இது கேவலம், நர்ஸம்மா" என்று இன்னொருத்தி முண்டினாள்.

ஒவ்வொரு வசவின் வாலிலும் ஒரு வைத்தியம் தொங்கியது. சீதபேதியும் வந்தது, கொதிக்கவைத்த தண்ணீரும் வந்தது. அடுத்த தடை தராசு. பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் அதுவும் கண்ணேறுதான். சந்தனமாரி எடையை டாக்டரம்மாவுக்கு விரலால் காட்டிவிட்டு, தாய்க்கு, "ஒண்ணுமில்ல, பஞ்சுப் பொதி" என்று சத்தமாகச் சொன்னாள். பத்து நிமிஷத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஐம்பத்து மூன்று பிள்ளைகளும் தட்டில் ஏறி இறங்கின.

முடிந்தபோது டாக்டரம்மாவின் முகம் கல்லாக இருந்தது.

"தாய்மார்களை வரவழைச்சு, அவங்க குழந்தைகளைத் தவளை, கழுதை, கத்திரிக்காய்னு பொது மேடையில திட்டியிருக்கீங்க. இதை நான் ரிப்போர்ட்டுல எப்படி எழுதுறது? எழுதினா உங்க வேலை தங்குமா?"

கூட்டம் இன்னும் கலையவில்லை. அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேள்விக்குத் திட்டிப் பதில் சொல்ல முடியாது. அருவியும் பக்கத்தில் இல்லை.

"அம்மா, இங்கன பிள்ளையை அழகுன்னு சொன்னா அது தங்காதுன்னு ஒரு பயம். சர்ட்டிபிகேட் வாங்குன பெறவும் எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்தப் பார்வதியம்மா மூணு பெத்தவ. கையில இருக்கது ஒண்ணு. அந்த ஒண்ணை மெம்பரய்யா தங்கக் கட்டிங்காவ. இவ ஓடாம என்ன செய்வா? நான் வைதா நின்னு கேக்குறா. நின்னாத்தான அம்மா, நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியும். அழகுன்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போறதுக்கு, கத்திரிக்காய்னு கேட்டுட்டு எடை போட்டுட்டுப் போகட்டுமே."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குரலை உயர்த்தாமல், யாரையும் வையாமல், ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று நாலு வார்த்தை பேசியிருக்கிறாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். வள்ளித்தாயின் பேரனிடம் போனாள். அதன் தாடையைத் தொட்டு, வெகுநேரம் யோசித்து, "இது... குரங்கு" என்றாள்.

"மகராசியா இருக்கணும் தாயி" என்று வள்ளித்தாய் கும்பிட்டாள். "படிச்சவிய, சொன்னா புரிஞ்சுக்கிடுதாவ."

மெம்பர் சுந்தரபாண்டியனும் தன் பங்குக்கு ஒரு பிள்ளையைப் பார்த்து, "இது ஒரு சுமாரான குழந்தை" என்றார். அதற்குமேல் வைய அவருக்கு மனசு வரவில்லை. கிண்ணம் பார்வதியம்மாளின் தேவலோகத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததாக நினைவு.

புரட்டாசியில் உத்தரவு வந்தது: வேலை நிரந்தரம். அதன்பிறகு பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் அவள் ஏறாத மேடை கிடையாது. வீரகேரளம்புதூர்ச் சந்தையில் ஏறினாள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஏறினாள். எங்கள் ஊருக்கு எப்போது வந்து வைவீர்கள் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். 1939-ல் பிரசவ அறைக்கு இன்னொரு கட்டில் கேட்டுப் போர்டு கூட்டத்துக்கே போனாள். சுற்றிலும் பதினோரு ஆண்கள். "நீங்க பதினோரு பேரும் தரையில பொறந்தவிய. எப்படி வந்திருக்கீக, நீங்களே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கட்டில் கொடுத்தார்கள். 1942-ல் கொழும்பில் குண்டு விழுந்ததும் சுடலையாண்டி ஒரு குடையோடு திரும்பி வந்தான். அன்று அவள் பேசியது மேடைப் பேச்சில் சேராது. ஆனாலும் தெருவே நின்று கேட்டது.

வேலை நிரந்தரமான முதல் வருஷத்தில் இன்னொரு காரியமும் செய்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மீன் எண்ணெய்ப் பாட்டிலோடு அச்சன்புதூருக்கு நடந்து போனாள். அங்கே எடை குறைந்த ஒரு பிள்ளை இருந்தது. மதினிமார் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். எட்டு மாதம், ஒரு செவ்வாய் தவறவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்பது இந்தக் கதைக்கு வேண்டாத விஷயம்.

இவ்வளவையும் எழுதி, தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று சந்தனமாரியிடமே கொடுத்தது மடத்தனம். அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"ஏலே பிச்சையா, எனக்குக் கை வேர்த்து மை கரைஞ்சுதோ?"

"ஆமா, அத்தை. பயத்துல."

"வேர்க்குற கையை வச்சுக்கிட்டுப் பிரசவம் பாக்க முடியுமாலே? அந்தக் காகிதம் எப்படி நனைஞ்சுதுன்னு உங்கம்மா பார்வதியம்மாகிட்ட கேட்டியா?"

இதை எழுதியவன் ஆஸ்பத்திரிக் கூரையில் எத்தனை ஓடு என்று பார்த்தான்.

"தேவலோகத்துப் பிள்ளையாம். முத்துப்போலச் சிரிச்சுதாம். உங்கம்மா இடுப்புலேருந்து உன்னை வாங்கி நிமிரலைலே. காகிதம், சேலை, முழங்கை, அம்புட்டும் நனைஞ்சு போச்சு. அன்னைக்குத்தான் வெளுத்துக் கட்டின சேலை. அந்தக் கோவத்துல வைதேன். தாய்மார் மனசு கண்ணாடியில தெரிஞ்சுதுன்னு எழுதிருக்கே, ஒரு மனசும் தெரியலை. வைதப்பெறவு அவளுவ நின்னாளுவ. நின்னதைப் பாத்துட்டுத்தான் விடாம புடிச்சுக்கிட்டேன்."

"கிண்ணம், அத்தை?"

"கிண்ணம் வள்ளித்தாய் பேரனுக்கு. நீ பத்து ராத்தல்கூட முழுசா இல்ல. உனக்கு எவன் கிண்ணம் குடுப்பான்? மீன் எண்ணெய்தான் குடுத்தோம்." காகிதங்களை மடியில் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். "நர்ஸம்மா பேச வந்ததுக்கு நீதான் காரணம்னு வேணும்னா போட்டுக்கோ, நான் வேண்டாங்கலை. ஆனா எப்படின்னும் போடணும்."